வேனுக்கும் டாக்கோகிராஃப்: முதலில் திருத்த வேண்டியது ஓட்ட அட்டவணையை

ஐரோப்பாவின் நெடுஞ்சாலை ஓர நிறுத்துமிடங்களில் ஒரு வகை வேனை அடிக்கடி பார்க்கலாம். பின்னால் தார்ப்பாய் போட்ட சரக்குப் பெட்டி, முன்னால் கேபின், கேபினின் கூரைமேல் ஏறி உட்கார்ந்தது போல இன்னொரு சின்னப் பெட்டி. அந்தச் சின்னப் பெட்டிதான் டிரைவரின் படுக்கையறை. ஒருவர் கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான். நாடு விட்டு நாடு வாரக்கணக்கில் ஓடும் இந்த வண்டிகளின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை பெரும்பாலும் 3.5 டன்னோடு நின்றுவிடும்.

அந்த 3.5 தற்செயலாக வந்த எண் இல்லை. அதைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓட்டிய நேரத்தையும் ஓய்வையும் பதியும் டாக்கோகிராஃப் கருவி உண்டு, ஓட்டும் நேரத்துக்கு வரம்பு உண்டு, ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். அதற்குள் அடங்கும் வண்டியை ஒன்றியத்தின் ஓட்டுநேரச் சட்டம் கண்டுகொள்ளவே இல்லை. சாதாரண கார் லைசென்ஸ் போதும். எத்தனை மணி நேரம் ஓட்டுவது என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் முதலாளியின் மனசாட்சியையும் பொறுத்தது. ஜெர்மனி போன்ற நாடு தானாகவே 2.8 டன்னுக்கு மேற்பட்ட வேன்களுக்கு வரம்பு வைத்து, டாக்கோகிராஃப் இல்லாவிட்டால் தினமும் தாளில் கைப்பட எழுதச் சொல்லியிருந்தது. கையால் எழுதும் கணக்கு எந்த அளவுக்கு நம்பத் தகுந்தது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவசரச் சரக்கு வியாபாரத்தில் ஒரு பெரிய பகுதி இந்த இடைவெளிக்குள்தான் வளர்ந்தது.

இடைவெளி மூடப்படும் தேதி 2026 ஜூலை 1. ஐரோப்பிய ஆணையம் 2017 மே மாதம் முன்வைத்து, 2020 ஜூலையில் நிறைவேறிய 'மொபிலிட்டி பேக்கேஜ்' சட்டங்களில் ஒன்றான 2020/1054 ஒழுங்குமுறை, 2.5 டன்னுக்கு மேல் 3.5 டன் வரையிலான சரக்கு வேன்கள் நாட்டு எல்லையைக் கடந்து ஓடினால் அவற்றையும் லாரிகளுக்கான 561/2006 ஓட்டுநேர விதிகளுக்குள் கொண்டுவருகிறது. வண்டியில் இரண்டாம் பதிப்பு ஸ்மார்ட் டாக்கோகிராஃப் இருந்தாக வேண்டும். சட்டம் வந்தது 2020-இல், அமல் 2026-இல். ஆறு வருட அவகாசம் இருந்தும் பல வேன் கம்பெனிகளில் பேச்சு 'மெஷின் எவ்வளவு, எங்கே மாட்டுவது' என்பதைத் தாண்டிப் போகவில்லை. மெஷின் மாட்டுவது இந்த விவகாரத்தில் இருப்பதிலேயே சுலபமான வேலை. கஷ்டம், கடிகாரமே இல்லாத காலத்தில் போட்ட ஓட்டங்களையும் கொடுத்த வாக்குறுதிகளையும் கடிகாரத்துக்குள் அடக்குவதில் இருக்கிறது.

யார் உள்ளே, யார் வெளியே

இங்கேதான் முதல் குழப்பம். கணக்கில் வருவது வண்டி அன்றைக்கு எவ்வளவு சுமந்தது என்பதல்ல, பதிவுச் சான்றிதழில் உள்ள அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. டிரெய்லர் கோத்தால் அதன் எடையும் சேரும். ஆகவே 2.2 டன் சிறிய வேன் தனியாகப் போனால் வெளியே, டிரெய்லரோடு போய் மொத்தம் 2.5 டன்னைத் தாண்டினால் உள்ளே. வெறும் வண்டியாகத் திரும்பி வந்தாலும் பயணம் பயணம்தான். சரக்கு இல்லை என்று விலக்குக் கேட்க முடியாது.

ஸ்பிரின்டர், டிரான்சிட், டுகாட்டோ, மாஸ்டர், கிராஃப்டர், டெய்லி என்று சாலையில் தெரியும் பெரிய வேன்கள் அநேகமாக எல்லாமே வரம்புக்குள் வரும். சான்றிதழில் எடையை 2.5 டன்னாகக் குறைத்துக்கொண்டால் தப்பலாமே என்ற யோசனை சிலருக்கு வருகிறது. பெரிய வேன் காலியாக நிற்கும்போதே சுமார் 2 டன் இருக்கும். டிரைவரையும் டீசலையும் கழித்தால் சரக்குக்கு என்ன மிஞ்சும்? அதற்குப் பெரிய வேன் எதற்கு?

விதி பன்னாட்டுப் பயணத்துக்கும் 'கேபொட்டாஜ்' வேலைக்கும் மட்டும்தான். ஒரு நாட்டில் பதிவான வண்டி இன்னொரு நாட்டுக்குள் போய், அந்த நாட்டுக்குள்ளேயே ஓரிடத்தில் ஏற்றி மற்றோரிடத்தில் இறக்குவதுதான் கேபொட்டாஜ். உள்ளூரிலேயே ஓடும் வேனுக்கு அந்தந்த நாட்டுச் சட்டம் தொடர்கிறது. கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் ஐரோப்பாவில் எல்லை என்பது பல இடங்களில் ஒரு பாலம். ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து ரைன் நதியைத் தாண்டினால் ஜெர்மனியின் கேல். ஆகன் நகரிலிருந்து நெதர்லாந்தும் பெல்ஜியமும் கூப்பிடு தூரம். லக்சம்பர்க் பக்கம் பார்சல் போடும் வேன் ஒரே காலையில் மூன்று நாடுகளைத் தொட்டுவிடும். நெடுந்தூரம் போகிறவர்களுக்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்று எண்ணியிருக்கும் எல்லையோரக் கம்பெனிகள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

அடுத்தது சொந்த உபயோகம். கூலிக்கு அல்லாமல் தன் கம்பெனிக்காகவே சரக்கு கொண்டுபோகும் வேனுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதோடு இன்னொரு நிபந்தனையும் சேர்கிறது: வண்டி ஓட்டுவது அந்த ஆளின் முக்கிய வேலையாக இருக்கக் கூடாது. சமையலறை அலமாரி செய்யும் கம்பெனியின் தச்சர், தன் கருவிகளையும் அலமாரியையும் ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டிப் போய்ப் பொருத்திவிட்டு வந்தால் விலக்கு பொருந்தும். அதே கம்பெனி, டெலிவரிக்கென்றே ஒருவரை வேலைக்கு வைத்து அதே அலமாரியை அனுப்பினால் பொருந்தாது. சரக்கும் ஒன்று, வேனும் ஒன்று, சாலையும் ஒன்று. ஆள் மட்டும் வேறு. இரண்டில் ஒரு நிபந்தனை போதும் என்று படித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர்.

பிரிட்டன் ஒன்றியத்தை விட்டுப் போய்விட்டதே என்று கேட்கலாம். போனாலும் இதில் விலகவில்லை. வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தத் தேதியும் சேர்ந்தே வந்திருக்கிறது. ஐரோப்பாவுக்குக் கூலிச் சரக்கு ஓட்டும் பிரிட்டிஷ் வேனுக்கும் அதே 2026 ஜூலை 1 தான். பிரிட்டனுக்குள் ஓடும்போது நாளுக்கு 10 மணி நேரம் ஓட்டலாம் என்ற அவர்களுடைய உள்நாட்டு விதி வேறு. ஒரே டிரைவர் ஒரே வாரத்தில் இரண்டு வகை ஓட்டமும் செய்தால் ஆபீஸில் இருப்பவருக்கு இரண்டு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மாற்றம் திடீரென்று வந்ததும் அல்ல. கூலிக்கு எல்லை தாண்டும் இதே எடை வேன்களுக்கு 2022 மே 21 முதலே ஒன்றிய உரிமம் கட்டாயம். போக்குவரத்து மேலாளர் வேண்டும், முதல் வண்டிக்கு 1,800 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 900 யூரோ கையிருப்பு காட்ட வேண்டும். அந்த உரிமம் எடுத்த கம்பெனி எதுவும் 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்ல வழியில்லை. உரிமம் கொடுத்த அலுவலகத்திடம் அவர்கள் பட்டியல் இருக்கிறது.

மெஷினைப் பற்றிக் கொஞ்சம்

லாரியில் டாக்கோகிராஃபுக்கு வேகக் கணக்கு கியர்பாக்ஸில் மாட்டிய சென்சாரிலிருந்து வரும். பல வேன்களில் அப்படி ஒரு சென்சாருக்கு இடமே கிடையாது. வேகம் சக்கரத்தின் ஏபிஎஸ் (பிரேக் கட்டுப்பாடு) சென்சார்களிலிருந்து எடுக்கப்படுகிறது. அதற்காகவே சிறிய வாகனங்களுக்கு ஒரு அடாப்டரைச் சட்டம் அனுமதித்திருக்கிறது. டேஷ்போர்டில் கருவிக்கு இடம், 12 வோல்ட் மின்சாரம், கூரையிலோ கண்ணாடிக்குப் பின்னாலோ ஆன்டெனா, கம்பி இழுப்பது, சீல் வைப்பது எல்லாமே வேன் மாடலுக்கு மாடல் மாறும். ஆகவே கருவியை ஆர்டர் செய்யுமுன் தன் மாடலை அந்த ஒர்க்‌ஷாப் இதற்கு முன்னால் கையாண்டிருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது. அங்கீகாரம் பெற்ற ஒர்க்‌ஷாப்தான் செய்ய வேண்டும், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாட்டிக்கொள்ள முடியாது.

கடைசி நேரக் கூட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு லாரிகளே சாட்சி. பழைய டாக்கோகிராஃப் உள்ள பன்னாட்டு லாரிகள் 2024 டிசம்பர் 31-க்குள் புதுக் கருவிக்கு மாற வேண்டியிருந்தது. கருவியும் ஒர்க்‌ஷாப் நேரமும் கிடைக்காமல் கெடு தாண்டியது. 2025 பிப்ரவரி இறுதிவரை பல நாடுகள் அபராதத்தில் விட்டுப்பிடித்தன. வேனுக்கும் அப்படி ஒரு சலுகை கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருப்பது அவரவர் துணிச்சல்.

மாட்டிய பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கலிபரேஷன், அதாவது கருவியின் அளவீட்டைச் சரிபார்ப்பது. டயரின் அளவு மாறினாலும், வண்டியின் பதிவெண் மாறினாலும் இடையிலேயே செய்ய வேண்டும். குத்தகை வேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வேன் எடுக்கும் கம்பெனிகளுக்கு இது அடிக்கடி வரும்.

இந்த இரண்டாம் பதிப்புக் கருவி என்னென்ன பார்க்கிறது என்பதையும் டிரைவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லை தாண்டியதைச் செயற்கைக்கோள் சிக்னலை வைத்துத் தானே பதிந்துகொள்ளும். கலிலியோ செயற்கைக்கோள் சிக்னல் போலியா அசலா என்று சரிபார்க்கும் வசதியும் உண்டு. ஒவ்வொரு 3 மணி நேர ஓட்டத்துக்கும் ஒருமுறை இடத்தைக் குறித்துக்கொள்ளும். சரக்கு ஏற்றினோமா, இறக்கினோமா என்று டிரைவர் பதிவு செய்ய இடம் இருக்கிறது. சாலையோரத்தில் நிற்கும் அதிகாரி, வண்டியை நிறுத்தாமலேயே குறுகிய தூர ரேடியோ மூலம் சில விவரங்களை வாசிக்க முடியும். இதைக் கேட்டுப் பயந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த வாசிப்பை மட்டும் வைத்து அபராதம் போட முடியாது. எந்த வண்டியை நிறுத்திச் சோதிக்கலாம் என்று முடிவெடுக்கத்தான் அது. சந்தேகத்துக்கு இடமில்லை என்றால் தகவலை மூன்று மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும்.

மணிக்கணக்கு

விதிகள் லாரிக்காரர்களுக்கு மனப்பாடம். வேன்காரர்களுக்குப் புதிது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை. அதை 15, 30 என்று அந்த வரிசையில் பிரிக்கலாம், 30 முதலில் 15 பிறகு என்று மாற்றினால் செல்லாது. நாளுக்கு 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. வாரத்துக்கு 56, அடுத்தடுத்த இரண்டு வாரத்துக்குச் சேர்த்து 90. தினசரி ஓய்வு 11 மணி நேரம். ஒரு வாராந்திர ஓய்வுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று தடவை அதை 9 ஆகக் குறைக்கலாம். வார ஓய்வு 45 மணி நேரம். குறைக்கலாம், 24-க்குக் கீழே போகக் கூடாது, குறைத்ததைப் பிற்பாடு ஈடுகட்ட வேண்டும்.

இதை ஒரு ஓட்டத்தில் வைத்துப் பார்த்தால்தான் உறைக்கும். வார்சாவிலிருந்து பாரிஸ் சுமார் 1,600 கிலோமீட்டர். சராசரி 85 கிலோமீட்டர் வேகம் என்றால் 19 மணி நேர ஓட்டம். பழைய முறையில் திங்கள் மாலை 5 மணிக்குக் கிளம்பும் டிரைவர், நடுவில் காப்பி, டீசல், ஒரு குட்டித் தூக்கம் என்று மூன்று மணி நேரம் போனாலும் செவ்வாய் பிற்பகல் 3 மணிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். வாடிக்கையாளரிடம் 'நாளை மாலைக்குள்' என்று தைரியமாகச் சொல்லலாம்.

இப்போது கடிகாரத்தை வைப்போம். இரவு 9:30 வரை ஓட்டம், 45 நிமிட இடைவேளை, பிறகு 2:45 வரை ஓட்டம். ஒன்பது மணி நேரம் முடிந்தது. குறைந்த ஓய்வாக 9 மணி நேரம் எடுத்தால் செவ்வாய் காலை 11:45. மறுபடி நாலரை, இடைவேளை, நாலரை: இரவு 9:30. பாரிஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி. அதற்கு முன் இன்னொரு 45 நிமிடம். போய்ச் சேரும்போது இரவு 11:15. கிடங்கு பூட்டியிருக்கும். ஆகவே சரக்கு இறங்குவது புதன் காலை. இதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான். குறைந்த ஓய்வில் ஒன்றும், 10 மணி நேர நாளில் ஒன்றும் செலவாகிவிட்டன, சாலையில் ஒரு விபத்து நெரிசல்கூட இல்லை.

இரண்டு டிரைவர் போட்டால்? ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தையே இடைவேளையாகக் காட்டலாம். மாறி மாறி ஓட்டி செவ்வாய் நண்பகலிலேயே போய்விடலாம், பழையதைவிடச் சீக்கிரம். ஆனால் கூலி இரண்டு. கிளம்பியதிலிருந்து 30 மணி நேரத்துக்குள் இரண்டு பேரும் 9 மணி நேரம் ஓய்வெடுத்தாக வேண்டும், அதுவும் ஓடாமல் நிற்கும் வண்டியில், இரண்டு பேருக்கும் படுக்கை இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் ஓட்டலில் அறை.

படுக்கை என்றதும் அந்தக் கூரைப் பெட்டிக்கு வர வேண்டும். தினசரி ஓய்வையும் குறைத்த வார ஓய்வையும் வண்டியிலேயே எடுக்க, டிரைவர் சம்மதித்து, தகுந்த படுக்கை வசதி இருந்தால், சட்டம் விடுகிறது. அந்தப் பெட்டி 'தகுந்த வசதி' ஆகுமா என்று சாலையோர அதிகாரியோடு வாதம் நடக்கத்தான் போகிறது. படுக்கையே இல்லாத சாதாரண வேனில் அந்த வாதத்துக்கே இடமில்லை. சீட்டில் சாய்ந்து தூங்குவது ஓய்வாகாது, ஒவ்வொரு இரவும் அறைதான். 45 மணி நேர முழு வார ஓய்வு எந்த வண்டியிலும் கூடாது, அது எவ்வளவு வசதியாக இருந்தாலும். 2017 டிசம்பரில் ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, 2020 சட்டம் அதை எழுத்தில் வைத்தது. அறைச் செலவு முதலாளியுடையது. நான்கு வாரத்துக்குள் ஒரு தடவையாவது டிரைவர் வீட்டுக்கோ கம்பெனித் தலத்துக்கோ திரும்பி முழு வார ஓய்வு எடுக்கும்படி வேலையை அமைக்க வேண்டும். வெளிநாட்டில் அடுத்தடுத்து இரண்டு குறைந்த வார ஓய்வு எடுத்திருந்தால், அதற்கு அடுத்த வார ஓய்வுக்கு முன்னாலேயே திரும்ப வேண்டும். மாதக்கணக்கில் டிரைவரைச் சாலையிலேயே வைத்திருக்கும் வியாபாரத்துக்கு இதுதான் உண்மையான அடி. என்னைக் கேட்டால், எப்போதோ விழுந்திருக்க வேண்டிய அடி. 3.6 டன் வண்டி ஓட்டுபவருக்குத் தூக்கம் வரும், 3.5 டன் ஓட்டுபவருக்கு வராது என்று எந்த வைத்தியரும் சொன்னதில்லை.

நெடுந்தூரத்தில் சிக்கல் பளிச்சென்று தெரிகிறது. எல்லையோரப் பார்சல் ஓட்டத்தில் அது ஒளிந்திருக்கிறது. அங்கே ஒரு நாளில் ஓட்டுவது ஐந்தாறு மணி நேரம்தான் இருக்கும், வரம்பைத் தாண்டும் பேச்சே இல்லை. ஆனால் இடைவேளை? நூறு வீட்டு வாசலில் இரண்டிரண்டு நிமிடம் நின்றது இடைவேளையில் சேராது, ஏனென்றால் அந்த நேரத்தில் பார்சல் தூக்குகிறார். வண்டி நின்றவுடன் கருவி தானாக 'மற்ற வேலை' என்று பதியத் தொடங்கும். எனவே ஒரு பதினைந்தும் ஒரு முப்பதும் உண்மையாகவே சும்மா இருந்ததாகப் பதிவில் தெரிய வேண்டும், டிரைவர் மறக்காமல் ஓய்வுப் பொத்தானை அழுத்தியிருக்கவும் வேண்டும்.

நாளின் நீளமும் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 11 மணி நேரம் ஓய்வு என்றால் வேலை நாள் 13 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அது வண்டியைக் கிளப்பும்போது தொடங்குவதல்ல, காலை 4 மணிக்குக் கிடங்கில் பார்சல் பிரிக்க நிற்கும்போதே தொடங்கிவிடுகிறது. வேறு முதலாளியிடம் மாலையில் பார்க்கும் இரண்டாவது வேலையும் கணக்கில் உண்டு. அதையெல்லாம் டிரைவர் தன் பெயரில் உள்ள கார்டைக் கருவியில் செருகும்போது கையால் உள்ளிட வேண்டும்.

இதோடு சேர்ந்த ஒரு பொறியைப் பலர் கவனிப்பதில்லை. சாலைச் சோதனையில் டிரைவர் அன்றைய பதிவோடு முந்தைய 56 நாட்களின் பதிவையும் காட்ட வேண்டும். முன்பு 28 நாளாக இருந்ததை 2024 டிசம்பர் 31 முதல் 56 ஆக்கிவிட்டார்கள். மாதத்தில் ஒரு தடவை மட்டும் எல்லை தாண்டுபவர், மற்ற நாளெல்லாம் உள்ளூரில் ஓட்டியது, கிடங்கில் வேலை செய்தது, விடுப்பில் இருந்தது எல்லாவற்றுக்கும் பதிவு வைத்திருக்க வேண்டும். ஒரு எல்லைப் பயணம் பின்னாலேயே எட்டு வாரத்தை இழுத்துக்கொண்டு வருகிறது. ஆகவே 'யார் வேண்டுமானாலும் எந்த வேனையும் எடுத்துக்கொண்டு போகலாம்' என்ற வழக்கம் இருக்கும் கம்பெனியில், எல்லை ஓட்டத்தைச் சிலருக்கு மட்டும் ஒதுக்குவதே புத்திசாலித்தனம். கார்டு, பயிற்சி, பதிவு எல்லாம் அந்தச் சிலரோடு முடிந்துவிடும்.

ஓடி முடித்த ஓட்டங்களே பாடப் புத்தகம்

தயாராக நினைக்கும் கம்பெனி முதலில் செய்ய வேண்டியது கடைக்குப் போவதில்லை. பெரும்பாலான வேன்களில் ஏற்கெனவே ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. கடந்த மூன்று மாதத்து ஓட்டங்களை எடுத்து, இந்த விதிகள் அன்றைக்கே அமலில் இருந்திருந்தால் எங்கெங்கே உடைந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு ஓட்டத்தின் உண்மையான தொடக்க நேரம், நின்ற இடங்கள், முடிந்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். டிரைவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது அவசியம். வண்டி நாற்பது நிமிடம் நின்றதாகத் திரையில் தெரியும், அவர் அப்போது ஃபோர்க்லிஃப்டுக்குக் காத்திருந்தாரா, சாப்பிட்டாரா என்பது அவருக்குத்தான் தெரியும்.

அப்படிப் பார்த்தால் பாதிக்குமேல் ஓட்டங்கள் ஒன்றுமே மாற்றாமல் தப்பித்துக்கொள்ளும் கம்பெனியும் உண்டு, பாதிக்குமேல் விழும் கம்பெனியும் உண்டு. விழுந்தவற்றில் சிலவற்றுக்குக் கிளம்பும் நேரத்தை இரண்டு மணி நேரம் நகர்த்தினாலே போதும். சிலவற்றுக்கு நடுவழியில் டிரைவர் மாற வேண்டும்: ஒருவர் கிழக்கிலிருந்து கொண்டுவருவார், இன்னொருவர் அங்கே காத்திருந்து மேற்கே கொண்டுபோவார். வாராவாரம் ஒரே தடத்தில் இரண்டு பக்கமும் சரக்கு இருந்தால் இது நன்றாக வேலை செய்யும், இல்லாவிட்டால் காத்திருக்கும் டிரைவருக்குச் சும்மா சம்பளம். சிலவற்றுக்கு இரண்டு டிரைவர். மீதி ஓட்டங்களை விட்டுவிட வேண்டியதுதான். அந்த விலைக்கு அவற்றை நேர்மையாக ஓட்ட முடியாது.

கார்டு விஷயத்துக்கு வருவோம். ஒவ்வொரு டிரைவருக்கும் அவர் வசிக்கும் நாட்டின் அதிகாரம் வழங்கும் சொந்தக் கார்டு வேண்டும், ஐந்து வருடம் செல்லும். தொலைந்தால் ஏழு நாளுக்குள் மாற்றுக் கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கார்டு இல்லாமல் அச்சிட்ட தாளை வைத்துக்கொண்டு அதிகபட்சம் 15 நாள் ஓட்டலாம். நண்பனின் கார்டைச் செருகுவது மிகக் கடுமையான குற்றங்களில் ஒன்று. கம்பெனிக்குத் தனியாகக் கம்பெனிக் கார்டு, அதை வைத்துத்தான் கருவியில் உள்ள தகவலைத் தன் பெயரில் பூட்டிவைக்க முடியும். வாடகை வேனில் இதை மறந்தால் நம் தகவலை அடுத்தவர் எடுத்துவிடலாம். டிரைவர் கார்டைக் குறைந்தது 28 நாளுக்கு ஒருமுறையும் கருவியை 90 நாளுக்கு ஒருமுறையும் டவுன்லோட் செய்ய வேண்டும், குறைந்தது ஒரு வருடம் பாதுகாக்க வேண்டும்.

பயிற்சியில் ஒரு விசித்திரம் இருக்கிறது. லாரி டிரைவருக்குத் தொழில் தகுதிப் பயிற்சி கட்டாயம், அதிலேயே டாக்கோகிராஃப் பாடமும் வந்துவிடும். கார் லைசென்ஸில் வேன் ஓட்டுபவருக்கு அந்தப் பயிற்சி கட்டாயம் கிடையாது. லாரிக்காரருக்கு உள்ள அதே கருவி, அதே அபராதம், ஆனால் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. கருவி பதிவது சர்வதேசப் பொது நேரத்தில் என்பதும், அச்சிட்ட தாளில் உள்ள நேரம் கைக்கடிகாரத்தோடு பொருந்தாது என்பதும்கூட முதல் சோதனையில் அதிகாரி சொல்லித்தான் தெரியவரும். ஆகவே அந்த வேலை முதலாளி தலையில்தான். டிரைவர் செய்த மீறலுக்கு, அது வேறு நாட்டில் நடந்திருந்தாலும், கம்பெனியும் பொறுப்பு என்று 561/2006-இன் 10-ஆவது பிரிவு சொல்கிறது. பயிற்சி கொடுத்தோம், பதிவைச் சரிபார்த்தோம், தவறைச் சுட்டிக்காட்டினோம் என்று தாளில் காட்ட முடிந்தவருக்கே வாதாட ஏதாவது இருக்கும்.

அதே பிரிவில் இன்னும் இரண்டு விஷயம். ஓடிய தூரத்துக்கோ சேர்த்த வேகத்துக்கோ சரக்கின் அளவுக்கோ பணம் கொடுத்து அது சாலைப் பாதுகாப்பைக் கெடுக்குமானால் அது கூடாது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று சம்பளம் கொடுக்கும் வேன் கம்பெனிகள் ஒப்பந்தத்தைத் திரும்ப எழுத வேண்டிவரும். அடுத்தது, சரக்கை அனுப்புபவர், இடையில் ஏற்பாடு செய்யும் ஏஜென்ட், உள்ஒப்பந்தக்காரர் எல்லோரும் பேசிக்கொண்ட நேர அட்டவணை இந்த விதிகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். அதை உறுதிசெய்யும் கடமை அவர்களுக்கும் உண்டு. வேன்காரருக்கு இது ஆயுதம். 'நாளை மாலைக்குள் வேண்டும், எப்படியாவது பார்த்துக்கொள்ளுங்கள்' என்று போனில் சொல்லும் ஏஜென்டிடம், அதை மெயிலில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். எத்தனை பேர் எழுதுவார்கள்?

புது விலை பேசப் போகும்போது வேனுக்கு இனி என்ன மிச்சம் என்று வாடிக்கையாளர் கேட்பார். நிறையவே மிச்சம். ஜெர்மனியில் லாரிக்கு விரைவுச்சாலையில் 80 கிலோமீட்டர்தான் வேகம், 3.5 டன் வேனுக்கு அந்தக் கட்டு இல்லை. அதே 9 மணி நேரத்தில் வேன் ஓடும் தூரம் கூடுதல். ஞாயிற்றுக்கிழமை லாரித் தடை 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கும் டிரெய்லர் கோத்த லாரிகளுக்கும்தான். 2024 ஜூலையில் எடை வரம்பு கீழே இறக்கப்பட்ட அவர்களின் லாரிச் சுங்கம்கூட 3.5 டன்னைத் தாண்டிய வண்டிக்குத்தான் தொடங்குகிறது. நகரத்துக்குள் நுழைவது, சின்ன வாசலில் திரும்புவது, ஒரே ஒரு பேலட்டுக்காகத் தனி வண்டி கிளம்புவது எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆகவே வார்சா–பாரிஸுக்கு இரண்டு விலை சொல்லலாம்: ஒரு டிரைவர், புதன் காலை, இவ்வளவு, இரண்டு டிரைவர், செவ்வாய் நண்பகல், இவ்வளவு. பழைய விலைக்குப் பழைய நேரம் என்ற மூன்றாவது வரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும், பக்கத்துக் கம்பெனி இன்னும் அதைக் கொடுப்பதாகச் சொன்னாலும்.